எதிர்க்கடையில் மை இறங்கவில்லை

பாவா கடையில் இருக்கும் பிரிண்டரின் முகப்பில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. உள்ளே எவ்வளவு மை மிச்சம் இருக்கிறது என்று அதன் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். காலையில் டீக்கடைக்குப் போகிற சாக்கில் நான் தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். கறுப்பு மை முக்கால் டேங்க் நிற்கும். மறுநாளும் முக்கால். ஒரு வாரம் கழித்துப் பார்த்தாலும் இறங்கினதே தெரியாது. கடையிலோ எந்நேரமும் கூட்டம். அத்தனை பேருக்கும் அச்சடித்துக் கொடுத்துவிட்டு ஒரு மெஷின் எப்படி ஒன்றுமே குடிக்காமல் இருக்கும்? எனக்கு வயிறு எரியும். டீ உள்ளே போனபின் இன்னும் கொஞ்சம் எரியும்.

என்னுடையது பழைய லேசர் பிரிண்டர். அது மொடாக்குடிகாரன். டோனர் எப்போது தீரும் என்று அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு பக்கம் பளிச்சென்று வரும், அடுத்த பக்கத்தின் நடுவில் வெள்ளைக் கோடு விழும். கார்ட்ரிட்ஜைக் கழற்றி, கைக்குழந்தையை ஆட்டுவதுபோல் இரண்டு பக்கமும் ஆட்டிப் போட்டால் இன்னும் சில பக்கங்கள் ஓடும். அதற்குமேல் ரீஃபில் போடுகிறவரைக் கூப்பிட வேண்டும். அவர் கறுப்புத் தூளைக் கொட்டி நிரப்பிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, “டிரம்மும் போற மாதிரி கீதுங்க” என்பார். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் சொல்வதுபோல் இருக்கும் எனக்கு. அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

எனக்குப் பயந்த சுபாவம். ஒன்பதாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்கு நின்றவன், பிறகு தனியாகக் கடை போட்டேன். பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போகிற தெருவில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. என் மனைவி அதை ஆபீஸ் என்றுதான் சொல்வாள். அந்த ஆபீசுக்குச் சோறு போடுகிறவர் ஒரே ஒருவர், தெருமுனையில் உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தர். கிரயப் பத்திரம், தானப் பத்திரம், பாகப்பிரிவினை என்று எல்லாவற்றுக்கும் அவரே வாசகம் அடித்து பென் டிரைவில் கொண்டுவருவார். முத்திரைத்தாளில் அச்சேற்றிக் கொடுப்பது நான். ஆதார், வண்டி இன்சூரன்ஸ், பரீட்சை ஹால் டிக்கெட் என்று வருகிற மற்ற வேலையெல்லாம் கரண்ட் பில்லுக்கே காணாது. அவர் ஒருவர் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விட்டால் என் கடையை மூடிவிடலாம்.

அந்த எதிர்ப்பக்கத்தில்தான் பாவா கடை போட்டார்.

பாவா என் அக்காவின் வீட்டுக்காரர். டிப்ளமா படித்தவர். கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து, என் கடைக்கு நேர் எதிரில் பெரிய கண்ணாடிக் கதவோடு திறந்தார். திறப்பு விழாவன்று என் தோளில் கைபோட்டுக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “எதிரும் புதிருமா இருந்தா பேச்சுத் துணை ஆச்சே மச்சான்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பந்தி முடிந்து எல்லாரும் போனபின் பத்திர எழுத்தரின் அறையிலிருந்து அவர் கடைக்கும் என் கடைக்கும் நடந்து பார்த்தேன். அவருடையதுதான் கிட்டே.

இரண்டு வருஷம் பயந்துகொண்டே ஓட்டினேன். இந்தச் சித்திரையில் ஒருநாள் பத்திர எழுத்தர் பெஞ்சில் உட்கார்ந்து, என் மெஷின் சூடாகிறவரைக்கும் காத்திருந்தபடியே பேச்சை எடுத்தார்.

“தம்பி, நீ பிளாக் அண்ட் ஒயிட்டுக்கு வாங்கறதைவிட எதுத்தாப்புல கலரே கம்மியாமே?”

“அப்படிங்களா சார்?”

“ஆங். ஜனங்க பேசிக்கிறாங்க. நான் ஒண்ணும் சொல்லல. காதுல வுழுந்துச்சி, சொல்றேன்.”

காதில் விழுந்தது என்று அவர் சொன்னதுதான் எனக்குப் பெரிய இடி. அவர் பேரம் பேசுகிறவர் இல்லை. ஒரு முடிவுக்கு வந்துவிட்டுத்தான் இப்படி ஆரம்பிப்பார் என்று நானே நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னேன்.

“உங்க பாவாதானே? நேரா போயி, இது இன்னா மாடலு, பக்கத்துக்கு எவ்ளோ ஆவுதுன்னு கேக்கறது” என்றாள்.

“கேட்டா இளக்காரமா பாப்பாரு.”

“இப்ப மட்டும் தலைமேல வெச்சிகினா ஆடறாரு? கேக்கறதுக்கு வெக்கம், வேவு பாக்கறதுக்கு வெக்கமில்ல. டீக்கடைக்காரரே சொல்றாரு, உங்க வூட்டுக்காரு டீ குடிக்க வர்றாரா, எதிர்க்கடைக்குக் காவலு காக்கறாரான்னு.”

அவள் அப்படிச் சொன்னபிறகு நேராகக் கேட்பது இன்னும் கஷ்டமாகிவிட்டது. பேப்பர் கட்டு ஒன்று கடன் வாங்குகிற மாதிரி பாவா கடைக்குள் போனேன். அவர் உள்ளே பேப்பர் எடுக்கத் திரும்பினதும் மெஷினின் பின்பக்கம் ஒட்டியிருந்த மாடல் நம்பரைப் படிக்கக் குனிந்தேன். இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும் கலந்து பொடிப்பொடியாக இருந்தது. வாய்க்குள் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் குரல்.

“இன்னா மச்சான், பொண்ணு பாக்க வந்த மாதிரி முன்னயும் பின்னயும் பாத்துகினு கீற? பாட்டு கீட்டு பாடச் சொல்லட்டுமா?”

கடையில் இருந்த இரண்டு காலேஜ் பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

“இல்ல பாவா, பல்லி ஒண்ணு ஓடுச்சி.”

“ஓடட்டும், ஓடட்டும். இந்த மெஷினும் அப்படித்தான் ஓடுது. ஒருவாட்டி மையை ஊத்தினா மாசக்கணக்கா திரும்பிப் பாக்க வேணாம்” என்று அதன் தலையில் தட்டினார்.

அந்தத் தட்டல் என் தலையில் விழுந்தது. அடுத்த வாரமே என் லேசரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அரக்கோணம் போனேன்.

பிரிண்டர் விற்கிற அந்தக் கடைக்காரர் பொறுமையான ஆள். “மெஷின் விலையைப் பாக்காதீங்க, ஓட்டற செலவைப் பாருங்க” என்று ஆரம்பித்தார். சில மெஷினை மலிவாகக் கொடுத்துவிட்டு கார்ட்ரிட்ஜில் பிடித்துக்கொள்வார்களாம். லேசரில் தூள், டிரம் என்று செலவு ஒன்றன்பின் ஒன்றாக வரும். டேங்க் மெஷினில் பாட்டில் மையை ஊற்றினால் முடிந்தது, ஆனால் தினமும் நாலு பக்கமாவது அடிக்க வேண்டும், சும்மா போட்டால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். எல்லாம் சொல்லிவிட்டு இரண்டு டேங்க் மெஷின்களை எதிரில் வைத்தார்.

“இதுல கறுப்பு மை வேற ரகம். தண்ணி பட்டா கலையாது. மெஷினும் கொஞ்சம் கூட, பாட்டிலும் கொஞ்சம் கூட. பத்திரம் கித்திரம் அடிக்கறவங்க இதைத்தான் எடுப்பாங்க. அது சாதா மை. செலவு ரொம்பக் கம்மி.”

நான் ஜேபியில் எழுதி வைத்திருந்த மாடல் நம்பரைக் காட்டினேன்.

“ஓ, அதுவா? அது இந்த சாதா மைதான். உங்க தெருக்காரர் ஒருத்தர்கூட எடுத்துகினு போனாரே.”

“அதையே குடுங்க” என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். நான் வேறு மெஷினை வாங்கிப்போய், அதில் மை இறங்கினால்? எதிரில் முக்கால் டேங்க் நிற்க, என்னுடையது அரைக்கு வந்தால்? பாவாவிடம் இருப்பதே என்னிடமும் இருந்தால்தான் எனக்கு உறக்கம் வரும். கடைக்காரர் பழைய லேசரை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் தள்ளினார். அதன் ஒயர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

புது மெஷின் வந்தபின் சில நாள் நான் வேறு மனுஷன். பக்கத்துக்கு வாங்குவதைக் குறைத்தேன். பத்திர எழுத்தருக்கு முகம் மலர்ந்தது. “இப்பத்தான் தம்பி நீ முன்னுக்கு வர்ற” என்றார். பாவா ஒருநாள் ரோட்டைத் தாண்டி வந்து என் மேசையைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

“அதையேவா வாங்கின?”

“ஆங் பாவா.”

“பத்திரமும் இதுலதான் அடிக்கறியா?”

“பின்ன? லேசரைக் குடுத்துட்டேனே.”

என்னவோ சொல்ல வாய் எடுத்தார். அதற்குள் எதிரே திருப்பதிக்குப் போகிற வேனிலிருந்து இறங்கிய ஆந்திராக்காரர்கள் ரூம் ரசீதை அச்செடுக்க அவர் கடை வாசலில் நின்று கூப்பிட்டார்கள். “சரி மச்சான், பாத்துக்கோ” என்று போய்விட்டார். அவர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். பொறாமை என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்குச் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ மாதிரி இருந்தது.

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு வழக்கம். பத்திரம் முத்திரைத்தாளில் அச்சானதும் நேராகப் பதிவுக்குப் போகாது. நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்து, முதலில் மலைக்கு எடுத்துப்போவார்கள். முருகன் காலடியில் வைத்து, பூவும் சந்தனமும் விபூதியுமாக வாங்கிக்கொண்டு வந்துதான் கையெழுத்துப் போடுவார்கள். நான் எத்தனையோ பத்திரம் அப்படித் திரும்பி வந்து பார்த்திருக்கிறேன். மஞ்சள் மூலையோடு, சந்தன வாசனையோடு இருக்கும். அதை ஒரு விஷயமாக நான் யோசித்ததே இல்லை. லேசரின் எழுத்து சந்தனத்துக்கு அடியிலும் அப்படியே நிற்கும்.

ஒருநாள் கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கூலிவேலை செய்து, பிள்ளை சம்பாதித்ததையும் சேர்த்து முதன்முதலாகச் சொந்த நிலம் வாங்குகிறார்கள். பத்திரத்தை நான்தான் அச்சடித்தேன். அந்த அம்மாள் அதை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு மலைக்குப் போனார்.

வெயில் ஏறுகிற நேரத்தில் திரும்பி வந்தார்கள். அம்மாள் அழுதுகொண்டே வந்தார். பின்னால் அவர் வீட்டுக்காரர், அவருக்குப் பின்னால் பத்திர எழுத்தர். நிலம் விற்கிறவர் மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டார். முதல் தாளை என் மேசையில் வைத்தார்கள். ஈரப்பூவும் சந்தனமும் பட்ட இடத்தில் மை கரைந்து, சாம்பல் நிறத்தில் ஆறு மாதிரி ஓடியிருந்தது. போனது சரியாக வாங்குகிறவரின் பெயர் இருந்த வரி.

“பேரையே அழிச்சிடுச்சிங்க. சாமியே வாணாங்குது” என்றார் அந்த அம்மாள். “நான் அப்பவே சொன்னேன், நமக்கெல்லாம் நெலம் எதுக்குன்னு. குடுத்த அட்வான்சு போனா போவுது. வாணாம்.”

வாசலில் நின்றவரும், “எனக்கும் மனசு ஒரு மாதிரி கீதுங்க” என்றார்.

பத்திர எழுத்தர் என்னிடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “இத்தினி வருஷத்துல என் பத்திரம் ஒண்ணுகூட இப்படித் திரும்பினதில்ல தம்பி” என்று மெதுவாகச் சொன்னார். அவ்வளவுதான், ரோட்டைத் தாண்டிவிட்டார் என்று என் மனசு சொன்னது.

“சாமி இல்லம்மா, மைம்மா. புது மெஷினு, தண்ணி பட்டா கலையுது. தோ பாருங்க” என்று ஒரு தாளை அடித்து, சொம்புத் தண்ணீரைத் தெளித்துக் காட்டினேன். கரைந்தது.

“மேல கீற பத்து வரி நல்லாதானே கீது? எங்க பேரு மட்டும் எதுக்குக் கரையணும்?” என்று கேட்டார் அவர் வீட்டுக்காரர். சந்தனம் அங்கேதான் பட்டது என்று நான் சொன்னேன். “அதைத்தாங்க நானும் சொல்றேன். அங்க எதுக்குப் படணும்?” என்றார்.

தெருவே கூடிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாவா வந்தார். எதற்கு வருகிறார், நான் கிடக்கிற கிடையைப் பார்க்கவா என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் என்னைப் பார்க்காமல் அந்த அம்மாளிடம் போனார்.

“யம்மா, எம் மெஷினும் இதேதான். எங்க மனைப் பத்திரத்தை நானே என் கடையில அடிச்சிகினு மலைக்குப் போனேன். இதைவிட மோசமா போச்சி. எம் பேரு, எம் பொண்டாட்டி பேரு, ரெண்டும் காலி.”

அந்த அம்மாள் அழுகையை நிறுத்தினார். “அப்புறம்?”

“அப்புறம் இன்னா, வேற தாளு வாங்கி வேற எடத்துல அடிச்சேன். அந்த மனையிலதான் வூடு கட்டி உக்காந்துகினு கீறோம். புள்ளைங்க நல்லா கீறாங்க. எம் பொண்டாட்டியும் நல்லா கீறா, வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. தோ, அவ தம்பிதான் இவரு. கேட்டுப் பாருங்க.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அந்த வீட்டின் கிரகப்பிரவேசத்தில் பந்தி பரிமாறியவன் நான். பரிமாறிக்கொண்டே எத்தனை ஜன்னல் என்று பார்த்தவன். அந்தப் பத்திரம் என் கடைக்கு ஏன் வரவில்லை என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

புருஷனும் பெண்டாட்டியும் ஓரமாகப் போய்ப் பேசிக்கொண்டார்கள். கடைசியில் அந்த அம்மாளின் வீட்டுக்காரர் வந்து, “மறுபடி அடிச்சிக் குடுங்க. இன்னொரு தபா மலைக்கு எடுத்துகினு போவேன். அப்பவும் அழிஞ்சா நெலம் வாணாம், ஆமா” என்றார்.

“முத்திரைத்தாள் என் செலவு” என்றேன். பத்திர எழுத்தர் அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தார்.

எதில் அடிப்பது? பாவா வண்டியை எடுத்தார். இரண்டு பேரும் அரக்கோணம் போனோம். என் லேசர் அதே மேசைக்கு அடியில் தூசி பிடித்துக் கிடந்தது. கடைக்காரர் கொடுத்த விலையைவிடக் கூடத்தான் கேட்டார், கொடுத்தேன். திரும்பும்போது அதை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே பாவா.”

“நீ கேட்டியா? பல்லி ஓடுச்சின்ன.”

லெவல் கிராசிங்கில் வண்டியை நிறுத்தியபோது அவரே, “வெக்கமா இருந்துச்சி மச்சான்” என்றார். “டிப்ளமா படிச்சிட்டு மெஷினைத் தப்பா வாங்கிட்டேன்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது? எங்க பத்திரத்தைக்கூட உங்கிட்ட தர்றதுக்கு மனசு வராம அரக்கோணத்துல அடிச்சேன். அந்தப் பத்திர எழுத்தர் பத்திரம் அடிச்சிக் குடுன்னு எங்கிட்ட ரெண்டுவாட்டி கேட்டாரு, முடியாதுன்னுட்டேன். ஊரு பத்திரம் மொத்தமும் உங்கிட்ட. காலைல உன் லேசர் கிர்ருன்னு சூடாவற சத்தம் வந்தாலே எனக்குப் பத்திகினு வரும்.”

ரயில் போய்க்கொண்டிருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் என் முகத்தை அவர் பார்க்கவில்லை. நல்லவேளை. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அந்த வருஷத்தில் வந்ததில்லை.

பத்திரத்தை மறுபடி அடித்தேன். அவர்கள் மலைக்குப் போய் வரும்வரை நான் கடையில் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தேன். டோனர் நன்றாகப் பிடித்திருக்குமா, அந்த அம்மாள் இந்தமுறை சோதித்துப் பார்ப்பதற்காகவே சந்தனத்தை அப்பிவிடுவாரோ என்று என்னென்னவோ ஓடியது. அப்படித்தான் அப்பியிருந்தார். எழுத்து அசையவில்லை. சந்தனத்துக்கு அடியில் அவர்கள் பெயர் கறுகறுவென்று இருந்தது. அன்றைக்கே பதிவு முடிந்தது.

சாயங்காலம் பத்திர எழுத்தர் வந்து என் மேசையில் பென் டிரைவை வைத்தார். “திருவாலங்காட்டுப் பார்ட்டி. பாகப்பிரிவினை. லேசர்லயே போட்டுடு, பழைய ரேட்டே எடுத்துக்கோ. அது எம்மாம் குடிச்சாலும் பரவால்ல” என்றார். நான் பயந்துகொண்டிருந்தது நடக்கவில்லை. கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. “சரிங்க சார்” என்று மட்டும் சொன்னேன்.

“ஆனா உங்க பாவா பெரிய மனுஷன்பா. நாலு பேரு எதிர்ல தன் மெஷின் சரியில்லைன்னு யாரு சொல்லுவா? தெருவே அவரைப் பத்திதான் பேசுது” என்றார்.

“ஆமாங்க சார்.”

மெஷின் சூடாகிக்கொண்டிருந்தது. கே.ஜி.கண்டிகை அம்மாள் கையில் ஸ்வீட் பெட்டியோடு தெருவில் வருவது தெரிந்தது. நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மேசையின் முன்பக்கம் வந்து நின்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், இரண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று பார்த்தார், ரோட்டைத் தாண்டி பாவா கடைக்குள் போனார்.